மெனோபாஸுக்குப் பிறகு எலும்புக்கான உடற்பயிற்சி: புதிதாகத் தொடங்குபவர்களுக்குப் படிப்படியாக

மாதவிடாய் நின்ற பிறகு எலும்பைப் பற்றி யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வருகிறது: “நல்லா நடங்க, கால்சியம் சாப்பிடுங்க.” எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். ஸ்கேன் அறிக்கையைக் கையில் கொடுத்தார்கள். அதில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. உடற்பயிற்சி செய்யுங்கள் என்றார்கள். எந்தப் பயிற்சி, எவ்வளவு எடை, எதைத் தொடவே கூடாது என்று சொல்லவில்லை. ஒருவர் குனியாதீர்கள் என்றார். இன்னொருவர் அனுப்பிய யோகா வகுப்பில் முதலில் சொல்லிக்கொடுத்ததே குனிந்து கால்விரலைத் தொடுவதுதான். ஒவ்வொரு கேள்விக்கும் சரியான ஆளைத் தேடிப் பிடித்து, கேட்டு, படித்து, ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவர எனக்கு நீண்ட காலம் பிடித்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை வரிசையாக எழுதுகிறேன்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடப்பது இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது, மனத்துக்கும் நல்லது. விட்டுவிடாதீர்கள். ஆனால் எலும்பைப் பொறுத்தவரை நடை மட்டும் போதாது. இடுப்பு மூட்டுப் பகுதியில் அதனால் ஓரளவு பயன் உண்டு. முதுகெலும்பில் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. எலும்பு வலுவாவதற்கு அது பழகிய சுமையைவிடக் கூடுதல் சுமை வேண்டும், கொஞ்சம் அதிர்வும் வேண்டும். அதே நேரம், உங்கள் எலும்பு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாமல் எடையைத் தூக்குவதும் குதிப்பதும் ஆபத்து. அதனால்தான் கீழே உள்ள வரிசை முக்கியம். நடுவில் ஒன்றைத் தாண்டிப் போகாதீர்கள்.

படி 1: ஸ்கேனுக்கு முன்பே ஒரு கோப்பு தயார் செய்யுங்கள்

மருத்துவர் உங்களோடு செலவிடுவது சில நிமிடங்கள்தான். அதற்குள் அவர் கேட்பதற்கெல்லாம் நினைவிலிருந்து பதில் சொல்வது கஷ்டம். ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி மாதவிடாய் எந்த வயதில் வந்தது என்பது முதல் வரி. தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் மெனோபாஸ் என்று கணக்கு. 45 வயதுக்கு முன்பே நின்றிருந்தாலோ, அறுவை சிகிச்சையில் சினைப்பைகளை எடுத்திருந்தாலோ அதைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் எலும்பை அரிக்கும் செல்களின் வேகம் கூடிவிடுகிறது, புதிதாகக் கட்டும் செல்களால் ஈடுகொடுக்க முடிவதில்லை. நின்ற பிறகு வரும் முதல் 5 முதல் 7 ஆண்டுகளில் சில பெண்கள் எலும்பு அடர்த்தியில் 20 சதவீதம் வரை இழக்கிறார்கள். சீக்கிரமே நின்றவர்களுக்கு இந்த இழப்பும் சீக்கிரமே தொடங்கிவிடுகிறது.

அடுத்து, பெரியவரான பிறகு ஏற்பட்ட எலும்பு முறிவுகள். குறிப்பாக, நின்ற உயரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு உடைந்தது போன்றவை. “அது சும்மா வழுக்கி விழுந்தது” என்று விட்டுவிடாதீர்கள்; அந்த மாதிரி முறிவுதான் மருத்துவருக்கு மிக முக்கியமான தகவல். அப்பா அல்லது அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்ததா, கடந்த ஒரு வருடத்தில் நீங்கள் எத்தனை முறை விழுந்தீர்கள், புகை, மது பழக்கம் உண்டா, முடக்குவாதம், தைராய்டு, சிறுநீரகம், குடல் சம்பந்தமான நோய் ஏதாவது உண்டா என்பதையும் எழுதுங்கள்.

மருந்துப் பட்டியல் தனியாக இருக்கட்டும். ஸ்டீராய்டு மாத்திரை 3 மாதத்துக்கு மேல் எடுத்திருந்தால் அளவோடு எழுதுங்கள். மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் அரோமடேஸ் தடுப்பு மருந்துகள், வலிப்பு மருந்துகள், அளவு கூடிப்போன தைராய்டு மாத்திரை, பல வருடமாக எடுக்கும் அசிடிட்டி மாத்திரை ஆகியவையும் எலும்பைப் பாதிக்கலாம்.

கடைசியாக, உயரம். இதை வீட்டிலேயே அளக்கலாம், செலவே இல்லை. காலையில், செருப்பு இல்லாமல், குதிகாலும் பிட்டமும் சுவரில் படும்படி நின்று, தலைமேல் ஒரு தட்டையான புத்தகத்தை வைத்து இன்னொருவரைக் குறிக்கச் சொல்லுங்கள். இளவயது உயரத்தோடு ஒப்பிடுங்கள். பழைய மருத்துவக் குறிப்பு ஏதாவது ஒன்றில் அது இருக்கும். இளவயதைவிட சுமார் 4 செ.மீ. குறைந்திருந்தாலோ, முன்பு அளந்ததைவிட 2 செ.மீ. குறைந்திருந்தாலோ, முதுகெலும்பு எக்ஸ்ரே வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். முதுகெலும்பு நசுங்கல்களில் (இதுவும் ஒருவகை எலும்பு முறிவுதான்) பெரும்பகுதி “வயசானா முதுகு வலிக்கத்தான் செய்யும்” என்ற பேச்சிலேயே கண்டுபிடிக்கப்படாமல் போய்விடுகிறது. அது தெரியாமல் பயிற்சியைத் தொடங்கக் கூடாது.

படி 2: டெக்ஸா ஸ்கேன் எடுங்கள், அறிக்கையை நீங்களே படியுங்கள்

டெக்ஸா என்பது எலும்பு அடர்த்தியை அளக்கும் ஒருவகை எக்ஸ்ரே. 65 வயதைத் தாண்டிய எல்லாப் பெண்களும் எடுக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால், மாதவிடாய் நின்று, மேலே சொன்ன காரணங்களில் ஒன்றாவது இருந்தால் எடுக்கலாம். ஆடையோடு படுத்திருந்தால் போதும், 10 முதல் 20 நிமிடத்தில் முடிந்துவிடும். ஊசி கிடையாது, கதிர்வீச்சு மிக மிகக் குறைவு. முந்தைய 24 மணி நேரத்துக்குக் கால்சியம் மாத்திரை எடுக்க வேண்டாம் என்பார்கள். உலோக ஹூக், ஜிப் இல்லாத ஆடையில் போங்கள். பேரியம் குடித்தோ, சாய மருந்து ஏற்றியோ சமீபத்தில் வேறு ஸ்கேன் எடுத்திருந்தால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள், தள்ளிப்போட வேண்டியிருக்கும்.

இங்கே ஒரு பொறி உண்டு. இலவச முகாம்களிலும் கடை வாசல்களிலும் குதிகாலை ஒரு சிறு கருவிக்குள் வைத்து அல்ட்ராசவுண்டில் அளப்பார்கள். அதை வைத்து நோய் உண்டு, இல்லை என்று முடிவு செய்ய முடியாது. அதில் “நார்மல்” என்று வந்ததை நம்பி டெக்ஸாவைத் தவிர்க்காதீர்கள். அதில் “குறைவு” என்று வந்ததும் பயந்துபோய் அங்கேயே விற்கும் மாத்திரை டப்பாவையும் வாங்காதீர்கள்.

அறிக்கையில் பார்க்க வேண்டியது டி ஸ்கோர். ஆரோக்கியமான இளம்பெண்களின் சராசரியோடு உங்களை ஒப்பிடும் எண் அது. மைனஸ் 1 அல்லது அதற்கு மேல் இருந்தால் இயல்பு. மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் இடையில் இருந்தால் அடர்த்திக் குறைவு, அதாவது ஆஸ்டியோபீனியா. மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே போனால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு எளிதில் முறியும் அளவுக்கு மெலிந்த நிலை. கீழ் முதுகெலும்பு, முழு இடுப்பு மூட்டு, தொடை எலும்பின் கழுத்துப் பகுதி என்று தனித்தனியாக எண்கள் இருக்கும். அவற்றில் எது மிகக் குறைவோ அதுதான் கணக்கு, சராசரி எடுக்கக் கூடாது. பக்கத்தில் இருக்கும் இசட் ஸ்கோர் உங்கள் வயதுக்காரர்களோடு ஒப்பிடுவது. அது நன்றாக இருக்கிறது என்று நிம்மதி அடைந்துவிட வேண்டாம்.

முதுகெலும்பில் தேய்மானம் இருப்பவர்களுக்கு அங்கே வளர்ந்திருக்கும் எலும்பு முட்களும் சேர்ந்து அளக்கப்பட்டு, அடர்த்தி உண்மையில் இருப்பதைவிட அதிகமாகத் தெரியும். முதுகு நன்றாகவும் இடுப்பு மோசமாகவும் வந்தால் இதை மருத்துவரிடம் கேளுங்கள்.

வெளியே வருவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். ஒருவரிச் சுருக்கத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வராமல், படங்களும் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிராம் என்ற அடர்த்தி எண்களும் உள்ள முழு அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். அடுத்த முறை ஒப்பிட வேண்டியது அந்த அடர்த்தி எண்ணைத்தான். கருவியின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். வெவ்வேறு கருவிகளில் எடுத்த இரண்டு அறிக்கைகளை வைத்துக் கூடியதா, குறைந்ததா என்று சொல்ல முடியாது. கொஞ்சம் தூரமானாலும் செலவு கூடினாலும் அதே இடத்துக்கே திரும்பிப் போவதுதான் லாபம்.

இதோடு ஃப்ராக்ஸ் என்ற கணக்கையும் போடச் சொல்லுங்கள். அடுத்த 10 ஆண்டுகளில் எலும்பு முறிய எவ்வளவு வாய்ப்பு என்று அது காட்டும். 40 முதல் 90 வயது வரை பொருந்தும், இணையத்தில் இலவசம். ஆனால் நீங்கள் எத்தனை முறை விழுந்தீர்கள் என்பதை அது கணக்கில் எடுப்பதில்லை. அடிக்கடி விழுபவர் என்றால் உண்மையான ஆபத்து அது காட்டுவதைவிட அதிகம்.

படி 3: உங்களுக்கு எந்தப் பாதை என்று மருத்துவரிடம் முடிவு செய்யுங்கள்

முறிவு எதுவும் இல்லை, டி ஸ்கோரும் மைனஸ் 2.5-க்கு மேல் என்றால், மூட்டு, இதயம், ரத்த அழுத்தம் ஒத்துழைக்கும் வரை கீழே சொல்லும் எல்லாவற்றையும் படிப்படியாகச் செய்யலாம். ஆஸ்டியோபோரோசிஸ் உண்டு, ஆனால் முறிவு இல்லை என்றால், எடைப் பயிற்சி உங்களுக்கும்தான். ஆனால் தொடக்கத்தில் தெரிந்தவர் ஒருவரின் கண் முன்னால் செய்ய வேண்டும். முதுகெலும்பில் நசுங்கல் இருந்தால் குதிப்பது வேண்டாம். வேக நடை, முதுகுத் தசைப் பயிற்சி, சமநிலைப் பயிற்சி ஆகியவற்றோடு பிசியோதெரபிஸ்ட் சொல்லும் அளவுக்கு எடை.

மருத்துவரிடம் நேரடியாகக் கேட்க வேண்டியவை: எனக்கு முதுகெலும்பு முறிவு இல்லை என்பது உறுதியா? எடை தூக்கலாமா, குதிக்கலாமா? மருந்து தேவையா? ரத்தத்தில் கால்சியம், வைட்டமின் டி, தைராய்டு, சிறுநீரகம் பார்க்க வேண்டுமா? பதில்களை அங்கேயே எழுதிக்கொண்டு வாருங்கள். பயிற்சி சொல்லித்தருபவர் கேட்கும்போது அந்தத் தாள்தான் உதவும்.

மருந்து எழுதிக்கொடுத்தால், “நான் உடற்பயிற்சியிலேயே சரி பண்ணிக்கிறேன்” என்று தள்ளிப்போடாதீர்கள். முறிவு ஆபத்து அதிகம் உள்ளவருக்கு மருந்து தரும் பாதுகாப்பைப் பயிற்சியால் தர முடியாது. வாரம் ஒருமுறை அலென்ட்ரோனேட் என்ற எலும்பு மாத்திரை எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, குறைந்தது அரை மணி நேரம் நிமிர்ந்தே இருக்க வேண்டும். அந்த நேரத்தில் தரையில் படுத்துச் செய்யும் பயிற்சி கூடாது. டெனோசுமாப் ஊசி என்றால் 6 மாதத்துக்கு ஒருமுறை நாள் தவறாமல் போட வேண்டும். தானாக நிறுத்தினாலோ, பல வாரம் தள்ளிப்போட்டாலோ எலும்பு இழப்பு திரும்ப வேகமெடுத்து, முதுகெலும்பு அடுத்தடுத்து முறியும் ஆபத்து இருக்கிறது. அடுத்த ஊசி நாளை இன்றே காலண்டரில் குறித்துவிடுங்கள்.

படி 4: காசை எதில் போடுவது, எதில் போடக் கூடாது

என்னைக் கேட்டால், ஸ்கேனுக்கு அடுத்தபடியாகச் செலவு செய்ய வேண்டியது ஒரு நல்ல பிசியோதெரபிஸ்ட் அல்லது அனுபவமுள்ள பயிற்சியாளரிடம் சில அமர்வுகளுக்குத்தான். வாழ்நாள் முழுக்கப் போக வேண்டியதில்லை. குனிவது, தூக்குவது, எழுவது மூன்றும் சரியாக வரும் வரை போதும், அதன்பின் எடையைக் கூட்டும் கட்டங்களில் ஒருமுறை காட்டிவிட்டு வரலாம்.

அவரைத் தேர்ந்தெடுக்க ஒரே கேள்வி போதும்: “எனக்கு எலும்பு அடர்த்தி குறைவு. எந்தப் பயிற்சியெல்லாம் எனக்குக் கொடுக்க மாட்டீர்கள்?” முதுகை வளைத்துக் குனிவது, படுத்துக்கொண்டு உடம்பைத் தூக்கும் வயிற்றுப் பயிற்சி, வேகமாக முறுக்குவது ஆகியவற்றை அவரே சொன்னால் நம்பிப் போகலாம். உங்கள் அறிக்கையைப் பார்க்காமலேயே முதல் நாளில் எல்லோரோடும் சேர்ந்து செய்யச் சொன்னால், அங்கிருந்து வந்துவிடுங்கள். எடையே தூக்கக் கூடாது, நடந்தால் போதும் என்று சொல்பவரும் உங்களுக்குப் பயன்பட மாட்டார்.

சாதனங்களில், எடையைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரு ஜோடி டம்பெல், ஒரு ரப்பர் பட்டை, உறுதியான நாற்காலி இருந்தால் நீண்ட நாள் ஓடும். மேலே ஏறி நின்றால் அதிரும் பலகை விலை அதிகம், எலும்புக்கு அதன் பயன் உறுதியாகவில்லை. முறிவு உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் அதில் ஏறவே கூடாது. கணுக்காலில் எடை கட்டிக்கொண்டு நடப்பதும் வேண்டாம். எலும்புக்குக் கிடைப்பதைவிட முழங்காலுக்கும் நடைக்கும் வரும் தொந்தரவு அதிகம்.

படி 5: முதல் சில மாதங்கள் அடித்தளத்துக்கு

எடையைத் தொடுவதற்கு முன் உடம்பு கற்க வேண்டியவை சில உண்டு. பலரும் அவசரப்படுவது இங்கேதான்.

முதலாவது குனியும் முறை. துடைப்பக் கம்பு மாதிரி நீளமான ஒரு கம்பை முதுகோடு நெடுக வைத்துப் பிடியுங்கள். பின்தலை, தோள்பட்டைகளுக்கு இடைப்பட்ட முதுகு, பிட்டத்துக்கு மேலுள்ள எலும்பு, இந்த மூன்று இடத்திலும் கம்பு பட வேண்டும். முழங்காலை லேசாக மடித்து, பின்னால் இருக்கும் கதவைப் பிட்டத்தால் தள்ளிச் சாத்துவது போல் பின்னுக்குத் தள்ளுங்கள். உடம்பு முன்னால் சாயும், ஆனால் கம்பு அந்த மூன்று இடத்தையும் விட்டு விலகக் கூடாது. தலையில் விலகினால் கழுத்து தொங்குகிறது. கீழே விலகினால் முதுகு வளைந்துவிட்டது. தொடையின் பின்பக்கம் இழுப்பது தெரிந்ததும் நிறுத்தி, பிட்டத்தை முன்னுக்குக் கொண்டுவந்து நிமிருங்கள். இது பழகிவிட்டால் தரையிலிருந்து வாளி எடுப்பது, குழந்தையைத் தூக்குவது எல்லாவற்றுக்கும் இதே அசைவுதான். எடைப் பயிற்சியில் முக்கால்வாசியும் இதுதான்.

இரண்டாவது நாற்காலியிலிருந்து எழுவது. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள். 30 விநாடியில் எத்தனை முறை வருகிறது என்று முதல் நாளே எண்ணிக் குறித்துவையுங்கள். 60 முதல் 64 வயதுப் பெண்களுக்கு 12-க்குக் கீழே, 65 முதல் 69-க்கு 11-க்குக் கீழே, 70 முதல் 79-க்கு 10-க்குக் கீழே என்றால் கால் வலு குறைவு, விழும் ஆபத்து அதிகம் என்று பொருள். உட்காரும்போது பொத்தென்று விழாமல் மெதுவாக இறங்குவதில்தான் தசைக்கு வேலை.

மூன்றாவது முதுகுத் தசை. வயிற்றுக்குக் கீழே ஒரு தலையணை வைத்துக் குப்புறப் படுத்து, கைகளை உடம்போடு ஒட்டி வைத்து, நெற்றியையும் மார்பையும் தரையிலிருந்து கொஞ்சமாகத் தூக்கிச் சில விநாடி நிறுத்துங்கள். பார்வை தரையிலேயே இருக்கட்டும். குப்புறப் படுக்க முடியாதவர்கள் சுவரில் முதுகை ஒட்டி நின்று பின்தலையால் சுவரை மெதுவாக அழுத்தலாம். தரையிலிருந்து எழும்போது நேராக எழ வேண்டாம். பக்கவாட்டில் உருண்டு, கை ஊன்றி, ஒரு முழங்காலில் நின்று எழுங்கள்.

நான்காவது சமநிலை. எலும்பு எவ்வளவு மெலிந்திருந்தாலும் விழாதவரைக்கும் இடுப்பு பெரும்பாலும் உடையாது. கனமான மேசை ஓரம் நின்று ஒற்றைக் காலில் 10 விநாடி, ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் இன்னொரு பாதத்தை வைத்து நடத்தல், பக்கவாட்டிலும் பின்னாலும் நடத்தல். சுலபமாகிவிட்டால் தலையை இடமும் வலமும் திருப்பிக்கொண்டே செய்யுங்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2019-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, உடற்பயிற்சி முதியவர்கள் விழும் விகிதத்தை 23 சதவீதம் குறைக்கிறது என்று காட்டியது. தை சி என்ற மெதுவான சீனப் பயிற்சிக்கு வகுப்பு பக்கத்தில் இருந்தால் தாராளமாகச் சேரலாம். 65 வயதைத் தாண்டியவர்கள் சமநிலையையும் வலுவையும் சேர்த்துப் பயிற்றும் பயிற்சியை வாரம் 3 நாளாவது செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல்.

படி 6: எடையைக் கூட்டுங்கள்

வாரம் 2 அல்லது 3 நாள், நடுவில் ஒரு நாளாவது ஓய்வு. ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் போதும். ஸ்குவாட் எனப்படும் உட்கார்ந்து எழுதல், தரையிலிருந்து எடை தூக்குதல், தலைக்கு மேல் தூக்குதல், ரப்பர் பட்டையை மார்பை நோக்கி இழுத்தல் ஆகிய நான்கும் இடுப்பு, முதுகு, கை எல்லாவற்றையும் தொட்டுவிடும்.

எவ்வளவு எடை என்பதுதான் எல்லோரும் கேட்பது. தொடக்கத்தில் 8 முதல் 12 முறை தூக்க முடிகிற எடை. கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும், ஆனால் அசைவின் ஒழுங்கு குலையக் கூடாது. 12 முறை சிரமமின்றி வந்துவிட்டால் அடுத்த வாரம் கொஞ்சம் கூட்டுங்கள். ஆண்டு முழுக்க அதே ஒரு கிலோ டம்பெல்லை 30 முறை ஆட்டிக்கொண்டிருந்தால் கைக்குக் களைப்பு வரும், எலும்புக்குச் செய்தி போகாது. பெண்களிடம் யாரும் இதைச் சொல்வதில்லை என்பது என் ஆதங்கம். வயதாகிவிட்டது, லேசாகவே செய்யுங்கள் என்றுதான் எங்கும் சொல்கிறார்கள்.

கனமான எடை இந்த வயதில் முடியுமா என்று தயங்குபவர்களுக்காகச் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவில் நடந்து 2018-ல் வெளியான லிஃப்ட்மோர் ஆய்வில், எலும்பு அடர்த்தி குறைந்த, 58 வயதைத் தாண்டிய பெண்கள் வாரம் 2 நாள், 30 நிமிடம் வீதம் 8 மாதம் கனமான எடை தூக்கினார்கள். அவர்களுடைய கீழ் முதுகெலும்பு அடர்த்தி சராசரியாக 2.9 சதவீதம் கூடியது. வீட்டில் லேசான பயிற்சி செய்த மற்ற குழுவில் 1.2 சதவீதம் குறைந்தது. ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம்: ஒவ்வொரு அமர்வும் பயிற்சியாளர் கண் முன்னால் நடந்தது, முதல் மாதம் அசைவுகளைப் பழகுவதற்கே போனது. இணையத்தில் காணொளியைப் பார்த்துவிட்டு வீட்டில் தனியாக முயல வேண்டாம்.

தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள். சிரமமான பகுதியில் மூச்சை வெளியே விடுங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது கட்டாயம்.

படி 7: அதிர்வைச் சேருங்கள்

எலும்புச் செல்கள் மெதுவான, நீண்ட நேரச் சுமையைவிடச் சட்டென்று வரும் குறுகிய அதிர்வுக்கே நன்றாக எதிர்வினை காட்டும். சில டஜன் முறைக்குப் பிறகு அவை அலுத்துவிடும். அதற்கு மேல் செய்வதில் பெரிய லாபம் இல்லை. பிரிட்டிஷ் வழிகாட்டுதல், முறிவு இல்லாதவர்களுக்கு வாரத்தில் பெரும்பாலான நாட்களில் சுமார் 50 மிதமான அதிர்வுகள் என்கிறது. காலையில் பாதி, மாலையில் பாதி என்று பிரித்துக்கொள்ளலாம்.

தொடக்கம் இப்படி: மேசையைப் பிடித்துக்கொண்டு முன்பாதத்தில் உயர்ந்து, குதிகாலைத் தரையில் தொப்பென்று இறக்குங்கள். 10 முறை. பழகியதும் ஒரு கால் மாற்றி ஒரு காலாகத் தரையில் தட்டி மிதிப்பது, பிறகு தாழ்ந்த படியிலிருந்து இறங்குவது, அதற்கும் பிறகுதான் சிறு குதிப்பு. முழங்கால் மடிந்தபடி இறங்க வேண்டும். வழுக்காத தரையாக இருக்கட்டும்.

குதிக்கும்போது சிறுநீர் கசிவது இந்த வயதில் மிகப் பரவலான ஒன்று. வெட்கப்பட்டுப் பயிற்சியையே நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய. குதிப்பதைச் சிறிது காலம் தள்ளிவைத்து, இடுப்புத் தளத் தசைப் பயிற்சியை பிசியோதெரபிஸ்டிடம் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் நன்றாகக் குறையும். முழங்கால் தேய்மானம் அதிகம் உள்ளவர்கள் அதிர்வை விட்டுவிட்டு எடைப் பயிற்சியில் கவனம் வைக்கலாம். நீச்சலும் சைக்கிளும் மூட்டுக்கும் இதயத்துக்கும் அருமை. எடையைத் தண்ணீரோ இருக்கையோ தாங்கிக்கொள்வதால் எலும்பு அடர்த்திக்கு அவற்றை நம்பியிருக்க முடியாது.

படி 8: தவிர்க்க வேண்டிய அசைவுகள்

முதுகை வளைத்துக் குனிவதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 1984-ல் சினாகி, மிக்கெல்சன் என்ற இருவர் ஆஸ்டியோபோரோசிஸ் உள்ள பெண்களிடம் நடத்திய ஆய்வுதான் காரணம். முதுகை முன்னால் வளைக்கும் பயிற்சி செய்தவர்களில் 89 சதவீதத்தினருக்கு முதுகெலும்பில் புதிய நசுங்கல் வந்தது. பின்னால் நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதம்தான். சிறிய ஆய்வுதான், ஆனாலும் எண்களுக்கு இடையே இருக்கும் தூரத்தைப் பாருங்கள்.

அதனால் அடர்த்தி குறைந்தவர்கள் காலைத் தொடும் ஆசனங்கள், தோளில் நின்று காலைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோவது, படுத்து எழும் வயிற்றுப் பயிற்சி, உட்கார்ந்து முழு வேகத்தில் முறுக்குவது ஆகியவற்றை விட்டுவிடுங்கள். யோகாவையே விட வேண்டியதில்லை. நின்று செய்யும் ஆசனங்கள் சமநிலைக்கு நல்லவை. வகுப்பு தொடங்கும் முன்பே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். ஷூ லேஸ் கட்டுவது, தும்மும்போது குனிவது, கனமான பையைத் தூரத்தில் நீட்டி எடுப்பது போன்ற அன்றாட அசைவுகளிலும் இதே கவனம் வேண்டும்.

படி 9: கால்சியம், வைட்டமின் டி நேரம்

50 வயதைத் தாண்டிய பெண்ணுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1200 மி.கி. கால்சியம் தேவை. அது உணவையும் சேர்த்து. உணவில் கிடைப்பதைக் கணக்கிட்டு மீதியை மட்டும் மாத்திரையில் எடுங்கள். ஒரே நேரத்தில் 500 மி.கி.க்கு மேல் எடுத்தால் உடம்பு சரியாக உறிஞ்சாது. கால்சியம் கார்பனேட் என்றால் சாப்பாட்டோடு, சிட்ரேட் என்றால் எப்போதும். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். வைட்டமின் டி ஒரு நாளைக்கு 70 வயது வரை 600, அதற்கு மேல் 800 யூனிட் என்பது பொதுவான அளவு. ரத்தத்தில் குறைவு என்று தெரிந்தால் மருத்துவர் கூட்டித் தருவார். கூடுதல் டோஸை நீங்களாக மாதக்கணக்கில் தொடராதீர்கள்.

படி 10: எவ்வளவு காலத்தில் பலன் தெரியும்

ஒரு சிறு பகுதி எலும்பு அரிக்கப்பட்டு, மறுபடி கட்டி முடிய 4 முதல் 6 மாதம் ஆகும். ஸ்கேனில் தெரியும் அளவு மாற்றத்துக்கு அதைவிட நாள் பிடிக்கும். ஆகவே 3 மாதத்தில் ஸ்கேன் எடுப்பது வீண் செலவு. ஒன்று அல்லது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, மருத்துவர் சொல்லும் இடைவெளியில், அதே கருவியில் எடுங்கள். ஓரிரு சதவீத வித்தியாசம் கருவியின் பிழை அளவுக்குள்ளேயே இருக்கலாம். அந்த மையத்தின் பிழை அளவு எவ்வளவு என்று கேளுங்கள். எண் கூடாமல் அப்படியே நின்றிருந்தாலும் அது நல்ல செய்தி. இந்த வயதில் ஒன்றும் செய்யாதிருந்தால் அது இறங்கியிருக்கும்.

ஸ்கேனுக்குக் காத்திருக்கும் காலத்தில் நோட்டில் எழுதிப் பாருங்கள். நாற்காலியிலிருந்து 30 விநாடியில் எழுந்த எண்ணிக்கை, ஒற்றைக் காலில் நின்ற விநாடிகள், தூக்கிய எடை. இவை சில வாரங்களிலேயே கூடத் தொடங்கும். பயிற்சியை மாதக்கணக்கில் நிறுத்தினால் சேர்த்த அடர்த்தியும் படிப்படியாகப் போய்விடும். பயணம், காய்ச்சல் என்று இடைவெளி விழுந்தால், திரும்பும்போது எடையைக் குறைத்துத் தொடங்குங்கள்.

பயிற்சிக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடையிலும் பிட்டத்திலும் வரும் மந்தமான வலி சாதாரணம். தூக்கும்போதோ, குனிந்தபோதோ, இருமியபோதோ முதுகின் நடுவில் சட்டென்று கூர்மையான வலி வந்து, நின்றால் கூடி படுத்தால் குறைந்தால், அன்றே பயிற்சியை நிறுத்திவிட்டு முதுகெலும்பு எக்ஸ்ரேவுக்குப் போங்கள். கால் மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ அவசரப் பிரிவுக்கே போக வேண்டும். போகும்போது படி 1-ல் தயார் செய்த கோப்பையும் பழைய ஸ்கேன் அறிக்கையையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.